யூரின் டியூப்பில் கிருமி ஏறாமல் பார்த்துக்கொள்வது எப்படி

அப்பாவுக்கு இடுப்பெலும்பில் ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கதவு வரை போய்த் திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்தவர், சிறுநீர்ப்பைக்குள் விட்ட டியூப்பின் மறுமுனையில் தொங்கிய யூரின் பேக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, நடக்கவே ஆரம்பிச்சிட்டேன். இது இன்னும் எதுக்கு?"

22 வருடம் வார்டில் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். மூன்று நாளாக அந்தப் பையை அளந்து, குறித்து, காலி செய்துகொண்டும் இருந்தேன். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. டியூட்டி டாக்டரிடம் போய்ச் சொன்னால், "அட, இன்னும் எடுக்கலையா?" என்கிறார். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தங்கள் நோயாளிக்கு டியூப் போட்டிருக்கிறதா என்று டாக்டர்களிடம் கேட்டபோது, டியூப் இருந்த நோயாளிகள் விஷயத்தில் 28 சதவீதம் பதில்கள் தவறாக இருந்தன. போர்வைக்கு அடியில் இருப்பது மறந்துதான் போகும்.

அதனால் சோப்பு, கையுறை, ஸ்பிரிட் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் மூன்று வரி எழுதுங்கள்: டியூப் போட்ட தேதி, எதற்காகப் போட்டார்கள், எப்போது எடுக்கப்போகிறார்கள். மூன்றாவது வரி காலியாக இருந்தால் அதை நிரப்பச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும், நூற்றுக்கு 3 முதல் 7 பேருக்குப் புதிதாகச் சிறுநீரில் கிருமி குடியேறுகிறது. ஒரு மாதம் தாண்டினால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும். எவ்வளவு சுத்தமாகப் பார்த்துக்கொண்டாலும் இந்தக் கணக்கைத் தள்ளிப்போடலாமே தவிர, அழிக்க முடியாது. நாளைக் குறைப்பதுதான் வழி.

எதற்கு டியூப் வேண்டும்? சிறுநீர் அடைத்துக்கொண்டு வெளியே வராதபோது, உயிருக்குப் போராடும் நிலையில் மணிக்கு மணி அளவு பார்க்க வேண்டியபோது, சில வகை ஆபரேஷன்களின்போது, பிட்டத்துப் புண் சிறுநீரில் நனைந்து ஆறாமல் போகும்போது, கடைசி நாட்களில் நோயாளியின் நிம்மதிக்காக. படுக்கை நனைகிறது, துணி மாற்ற ஆள் இல்லை என்பது காரணம் ஆகாது. கவனிக்கிறவர்களின் களைப்பு எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு டயப்பர் இருக்கிறது. ஆண்களுக்கு உறை மாதிரி மேலே மாட்டும் காண்டம் கதீட்டர் இருக்கிறது. சிறுநீர் தேங்குகிறவர்களுக்கு, நாளைக்குச் சில தடவை மெல்லிய டியூப்பை விட்டு வடித்துவிட்டு உடனே எடுத்துவிடும் முறையும் உண்டு.

அன்றைக்கு அப்பாவின் டியூப்பை எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் அடிவயிறு கல் மாதிரி ஆகிவிட்டது, ஒரு சொட்டு வரவில்லை. சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைத்திருந்தது. திரும்பவும் டியூப். இந்தத் தடவை காரணம் இருந்தது, நோட்டில் எழுதினேன். அப்புறம் ஐந்து வாரம் அதோடு வீட்டில் இருந்தார். வார்டில் எனக்குத் தெரிந்திருந்தது பாதி, மீதியை அந்த ஐந்து வாரத்தில்தான் கற்றேன்.

கிருமி எந்த வழியாக ஏறுகிறது

இரண்டு பாதை. ஒன்று, டியூப்பின் வெளிப்புறத்துக்கும் சிறுநீர் வழியின் சுவருக்கும் நடுவில் உள்ள மெல்லிய ஈரப் படலம். நம் குடலிலும் தோலிலும் இருக்கும் ஈ.கோலை போன்ற கிருமிகள் இதன் வழியாக ஊர்ந்து மேலே போகும். அதிகம் நடப்பது இதுதான். இரண்டாவது, டியூப்பின் உள்பக்கம்: பையின் குழாயை அழுக்குக் கையால் தொட்டாலோ, இணைப்பைக் கழற்றினாலோ, பையைத் தூக்கிப் பிடித்துச் சிறுநீரைத் திரும்ப உள்ளே ஓடவிட்டாலோ ஏறுவது. ஏறிய கிருமி டியூப்பின் மேல் வழவழப்பான ஒரு பாசியைக் கட்டிக்கொண்டு அதற்குள் வாழும். தண்ணீர்த் தொட்டியில் பாசி படிந்த பிறகு மேலே தண்ணீரை ஊற்றி என்ன பயன்? அந்த மாதிரிதான், பாசிக்குள் இருக்கும் கிருமியை ஆன்டிபயாடிக்கால் முழுதாகப் பிடிக்க முடியாது.

கீழே சொல்லும் எல்லாமே இந்த இரண்டு பாதையை அடைக்கிற வேலை.

டியூப் போடும்போது

இது பயிற்சி பெற்ற கை செய்ய வேண்டியது. வீட்டில் யாரும் முயல வேண்டாம். ஆனால் என்ன நடக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் பக்கத்தில் நின்று கவனிக்கலாம், கேட்கலாம். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நர்ஸ் தம்பி தங்கைகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கூடுமானவரை மெல்லிய டியூப் போதும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 12 அல்லது 14 ஃபிரெஞ்ச், டியூப்பின் பருமனைச் சொல்லும் அளவு அது. அந்த எண்ணை 3-ஆல் வகுத்தால் மில்லிமீட்டரில் விட்டம் வந்துவிடும், 14 என்றால் சுமார் 4.7. ஓரத்தில் கசிகிறது என்று உடனே பருமனான டியூப்புக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கசிவுக்குப் பல சமயம் காரணம் சிறுநீர்ப்பையின் இறுக்கம், மலச்சிக்கல், டியூப் மடங்கியிருப்பது. பருமனான டியூப் சிறுநீர் வழியைப் புண்ணாக்கும். புண் கிருமிக்கு வாசல்.

முதலில் அந்தப் பகுதியைச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும். இதை விட்டுவிட்டு நேராகக் கிருமிநாசினிக்குப் போவது அவசரக்காரர்களின் பழக்கம். அப்புறம் கையைச் சுத்தம் செய்து, ஸ்டெரைல், அதாவது கிருமி நீக்கிய, கையுறை போட்டு, ஸ்டெரைல் துணி விரித்து, துவாரத்தைக் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். வெறும் சலைன் போதுமா என்று நீண்ட நாள் விவாதம் இருந்தது. 2019-இல் ஆஸ்திரேலியாவில் மூன்று மருத்துவமனைகளில் செய்த ஆய்வில், டியூப் போடும் முன் சலைனுக்குப் பதில் 0.1 சதவீதக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கொண்டு துடைத்தபோது தொற்று வெகுவாகக் குறைந்தது.

சரி, இப்போது முக்கியமான இடம். துடைக்கும்போது ஒரு கை உறுப்பைப் பிடித்திருக்கும். அந்தக் கை அந்த நொடியிலிருந்து அழுக்குக் கை. டியூப் உள்ளே போய் முடியும்வரை அது அங்கேயே இருக்க வேண்டும், டியூப்பைத் தொடக் கூடாது. பெண்களுக்கு இதழ்களை விலக்கிப் பிடித்த கையை நடுவில் விட்டால், துடைத்த இடத்தின் மேல் துடைக்காத தோல் வந்து மூடும். மறுபடி முதலிலிருந்து துடைக்க வேண்டும். நிறைய கைகள் தவறுவது இங்கேதான். யாரும் பார்க்காதபோது சத்தமில்லாமல் விட்டுவிட்டுத் திரும்பப் பிடிப்போம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு வயதான அம்மாவுக்கு டியூப் போடும்போது சிறுநீர்த் துவாரத்துக்குப் பதில் கீழே பிறப்பு வழிக்குள் போய்விட்டது. சிறுநீர் வரவில்லை. உருவி, அதையே கொஞ்சம் மேலே வைத்து விடப் போனேன். மூத்த சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "அது இனி குப்பை. அங்கேயே விடு, அடையாளத்துக்கு இருக்கட்டும். புதுசு எடு." தவறிப் போன டியூப்பை அங்கேயே விட்டால் அடுத்த தடவை அதே இடத்துக்குப் போகாது. சரியான இடத்தில் போட்ட பிறகு அதை எடுத்துவிடலாம். இரண்டாவது டியூப்பைப் பிரிக்கக் கஞ்சப்படுகிற இடத்தில் காய்ச்சல் காத்திருக்கிறது.

ஆண்களின் சிறுநீர் வழி 20 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ஒரு தடவைக்கு மட்டும் பயன்படுத்தும் மரத்துப்போகும் ஜெல்லை உள்ளே செலுத்தி, சில நிமிடம் பொறுக்க வேண்டும். வலியில் இறுக்கிக்கொள்ளும் உடம்பில் டியூப்பைத் தள்ளினால் கீறல்தான் மிச்சம். டியூப் வெளியே நழுவாமல் பிடிக்க அதன் உள்முனையில் ஒரு சின்னப் பலூன் இருக்கும். சிறுநீர் எட்டிப் பார்த்ததும் அதை ஊதிவிடக் கூடாது. இரண்டாகப் பிரியும் கவட்டை வரை டியூப்பை உள்ளே விட்டு, அப்புறம்தான் ஊத வேண்டும், இல்லையென்றால் பலூன் சிறுநீர் வழியிலேயே விரிந்து கிழித்துவிடும். பலூனுக்கு ஸ்டெரைல் தண்ணீர், வழக்கமாக 10 மில்லி. டியூப்பில் எழுதியிருக்கும் அளவைத் தாண்டக் கூடாது. சலைன் ஊற்றினால் உப்பு படிந்து, எடுக்கும் நாளில் பலூன் சுருங்க மறுக்கலாம். கடைசியாக, பின்னுக்குத் தள்ளிய நுனித்தோலை முன்னுக்குக் கொண்டுவர மறக்கக் கூடாது. மறந்தால் இறுகி வீங்கிவிடும், அது அவசர சிகிச்சைக்கே கொண்டுபோகும்.

போட்டதும் டியூப்பைத் தொடையில் ஒட்டிவைக்க வேண்டும். ஆண்களுக்கு அடிவயிற்றிலும் ஒட்டலாம். தொங்கும் பையின் எடை டியூப்பை இழுத்தால், பிஸ்டன் மாதிரி உள்ளும் வெளியும் நகரும். ஒவ்வொரு நகர்வும் வெளியே இருக்கும் கிருமியை உள்ளே ஏற்றும். ஒட்டும்போது கொஞ்சம் தளர்வு விடுங்கள், காலை நீட்டினால் சுண்டி இழுக்காத அளவுக்கு.

கழற்றாதீர்கள்

ஒரு காலத்தில் டியூப்பின் முனையைத் திறந்த பாட்டிலுக்குள் தொங்கவிடுவார்களாம். சில நாளிலேயே ஏறக்குறைய எல்லோருக்கும் கிருமி ஏறிவிடும். டியூப்பையும் பையையும் இடைவெளியில்லாமல் மூடிய அமைப்பாக வைத்தால் அது எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதை 1966-இல் கூனின், மெக்கார்மக் என்ற இரண்டு மருத்துவர்கள் காட்டினார்கள். இன்றைக்கும் வீட்டுக் கவனிப்பின் முதுகெலும்பு இதுதான். டியூப்பும் பையும் சேரும் இடத்தைக் காரணமில்லாமல் கழற்றாதீர்கள்.

குளிக்க வைக்கக் கழற்ற வேண்டாம், பையோடே குளிக்கலாம். சட்டை மாற்றக் கழற்ற வேண்டாம். கல்ச்சருக்கு, அதாவது என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, சிறுநீர் எடுக்கவும் கழற்ற வேண்டாம், அதற்கென்று குழாயில் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். அதை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காயவிட்டு, சிரிஞ்சில் எடுக்க வேண்டும். பைக்குள் தேங்கியதை எடுத்து அனுப்பினால், பையில் வளர்ந்த கிருமியைத்தான் ரிப்போர்ட் காட்டும்.

அப்பா பகலில் காலில் கட்டும் சின்னப் பை வைத்திருந்தார். ராத்திரிக்குப் பெரிய பை வேண்டும். முதல் நாள் சின்னதைக் கழற்றிப் பெரியதை மாட்டப் போய், நானே என் கையைத் தட்டிக்கொண்டேன். சின்னப் பையின் கீழ்க் குழாயிலேயே பெரியதை மாட்டி, குழாயைத் திறந்துவிட்டால் போதும். மேலே உள்ள இணைப்பு அப்படியே மூடியிருக்கும்.

தவறிக் கழன்றுவிட்டால்? ஆஸ்பத்திரியில் டியூப்பையும் பையையும் சேர்த்தே புதிதாக மாற்றுவதுதான் முறை. வீட்டில் என்றால் கையைக் கழுவி, முனையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, பிரிக்காத புதுப் பையை மாட்டிவிட்டு அன்றைக்கே நர்ஸுக்குச் சொல்லுங்கள். தரையில் விழுந்த பழைய பையைத் திரும்ப மாட்டாதீர்கள்.

பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே. தரையில் படவும் கூடாது. கட்டில் சட்டத்தில் மாட்டலாம், மேலும் கீழும் நகரும் பக்கத் தடுப்பில் மாட்டக் கூடாது, யாராவது தூக்கும்போது பையும் சேர்ந்து மேலே போய்விடும். ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது பையை நோயாளியின் வயிற்றின் மேல் வைப்பது எங்கும் நடக்கும் தப்பு. கிளம்பும் முன் காலி செய்துவிட்டுக் கீழே மாட்டுங்கள். டியூப் மடங்காமல், நடுவில் தொட்டில் போலத் தொங்காமல், ஓட்டம் நேராகக் கீழே இருக்கட்டும்.

மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் காலி செய்யுங்கள். முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும், நடுவில் கையுறை. கையுறை போட்டால் கை கழுவ வேண்டாம் என்று எப்படியோ ஒரு நம்பிக்கை பரவிக்கிடக்கிறது, இல்லை, கழுவ வேண்டும். பிடிக்கும் பாத்திரம் அந்த ஒருவருக்கு மட்டும். வார்டில் ஒரே ஜக்கோடு கட்டில் கட்டிலாகப் போவதைவிடக் கிருமியைப் பரப்பச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. பைக் குழாயின் முனை பாத்திரத்தில் படக் கூடாது. மூடியதும் ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை.

தினமும் என்ன கழுவுவது

சோப்பும் தண்ணீரும். அவ்வளவுதான். குளிக்கும்போது ஒரு தடவை, மலம் கழித்த பிறகு ஒவ்வொரு தடவையும். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாக. ஆண்களுக்கு நுனித்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவி, திரும்ப முன்னுக்கு. டியூப்பை உடம்புப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள், இழுக்காமல். தினமும் கிருமிநாசினி, ஆன்டிபயாடிக் களிம்பு, பவுடர் எதுவும் வேண்டாம், தோல் எரிச்சலைத்தான் கொடுக்கும். டியூப்புக்குள் மருந்துத் தண்ணீர் விட்டு அலசுவதும் வழக்கமாகச் செய்யத் தேவையில்லை.

தண்ணீர் நிறையக் குடிக்கட்டும், சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிற அளவுக்கு. இதய, சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டர் சொன்ன அளவோடு. மலச்சிக்கலை விடாதீர்கள். நிறைந்த குடல் டியூப்பை அழுத்தும்.

கலங்கலும் நாற்றமும்

மூன்றாவது வாரம் தம்பி வந்து பார்த்துவிட்டு, "அக்கா, நாத்தம் அடிக்குது, கலங்கலா வேற இருக்கு. கல்ச்சர் எடுத்து ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சிடலாம்" என்றான். அப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிட்டார், என்னோடு வழக்கம்போலச் சண்டை போட்டார். நான் மறுத்துவிட்டேன். கல்ச்சர் எடுத்தால் கிருமி வரத்தான் செய்யும், டியூப் இருக்கிறதே! அறிகுறி இல்லாமல் வெறும் கிருமி மட்டும் இருந்தால், கர்ப்பிணிகளுக்கும் சிறுநீர் வழியில் ஆபரேஷன் செய்யப்போகிறவர்களுக்கும் தவிர, பொதுவாக மருந்து கொடுப்பதில்லை. கொடுத்தால் சாதுவான கிருமி செத்து, மருந்துக்கு அசையாதது அந்த இடத்தில் உட்காரும். அன்றைக்கு நான் செய்தது இவ்வளவுதான்: தண்ணீரைக் கூட்டினேன், மலச்சிக்கலைக் கவனித்தேன்.

இன்னொன்று. வார்டில் ஒரு பாட்டியின் பை ஒருநாள் காலையில் ஊதா நிறத்தில் இருந்தது. உறவினர்கள் அலறிவிட்டார்கள். மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு, உணவில் இருந்து குடலில் உண்டாகும் ஒரு பொருளைச் சிறுநீரில் உள்ள கிருமிகள் நீலமும் சிவப்புமான சாயங்களாக மாற்றும், இரண்டும் கலந்து பை ஊதாவாகும். பார்க்கத்தான் பயம். டாக்டரிடம் சொல்ல வேண்டும், அலற வேண்டியதில்லை.

அலற வேண்டியது வேறு. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவில் அல்லது அடிவயிற்றில் வலி, ரத்தம், வயதானவர்கள் திடீரென்று குழம்பிப் பேசுவது, சோர்ந்து படுப்பது: அன்றே டாக்டர். சிறுநீர் நின்றுவிட்டால், முதலில் டியூப் மடங்கியிருக்கிறதா, பை மேலே இருக்கிறதா பாருங்கள். சரியாக இருந்தும் வரவில்லை என்றால் டியூப் அடைத்திருக்கிறது, காத்திருக்காதீர்கள். புரோட்டியஸ் என்றொரு கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும், சிறுநீர் காரத்தன்மை அடைந்து உப்புக்கல் படிந்து டியூப் அடைபடும். முதுகுத்தண்டின் மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்கு அடைப்போடு மண்டையைப் பிளக்கும் தலைவலி, வியர்வை, முகச்சிவப்பு வந்தால் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறுகிறது என்று அர்த்தம். நிமிடங்கள் முக்கியம், உடனே உட்கார வைத்து அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.

தொற்று என்று உறுதியாகி, டியூப் இரண்டு வாரத்துக்கு மேல் உள்ளே இருந்தால், முதலில் அதை மாற்றிவிட்டுப் புது டியூப்பிலிருந்து கல்ச்சர் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பழைய பாசியைச் சோதிப்பதில் அர்த்தம் இல்லை. மற்றபடி, வாரம் ஒரு தடவை என்று நாள் குறித்து டியூப்பை மாற்ற வேண்டியதில்லை. தயாரிப்பாளர் சொன்ன காலக்கெடு, அடைப்பு, கசிவு, தொற்று, இவைதான் மாற்றும் காரணம். முழுச் சிலிகோன் டியூப் பொதுவாக 12 வாரம் வரை இருக்கலாம்.

எடுக்கும் நாள்

எடுக்கும் முன் டியூப்பைக் கட்டிக் கட்டி அவிழ்த்துச் "சிறுநீர்ப்பைக்குப் பயிற்சி" கொடுப்பது பழைய பழக்கம், தேவையில்லை. அப்பாவுக்குப் புராஸ்டேட்டைத் தளர்த்தும் மாத்திரை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸ் தம்பி ஒருவர் காலையில் வந்தார். சிரிஞ்சை மாட்டி, உறிஞ்சாமல் விட்டார், பலூனில் இருந்த தண்ணீர் தானாக ஏறியது. 10 மில்லியும் திரும்பி வந்ததா என்று பார்த்துவிட்டு மெல்ல உருவினார். டியூப்பைக் கத்தரித்தால் தண்ணீர் வந்துவிடும் என்று செய்கிறவர்கள் உண்டு. கத்தரித்த துண்டு உள்ளே போய்விடலாம், செய்யவே கூடாது.

அதன் பிறகு ஆறு முதல் எட்டு மணி நேரம் கவனிக்க வேண்டும். வழக்கம்போலத் தண்ணீர், ஒவ்வொரு தடவையும் ஜக்கில் அளவு. அடிவயிறு இறுகினாலோ, முட்டிக்கொண்டும் வராவிட்டாலோ நேரம் முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டாம், போன் செய்யுங்கள். முதல் ஒன்றிரண்டு தடவை கொஞ்சம் எரியும். எரிச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலோ காய்ச்சல் வந்தாலோ காட்டுங்கள்.

பத்தரை மணிக்கு அப்பா வாக்கரோடு பாத்ரூமுக்குள் போனார். நான் நோட்டோடு வெளியே நின்றேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. குழாயைக் கொஞ்சம் திறந்துவிடச் சொன்னேன், தண்ணீர்ச் சத்தம் கேட்டால் சிலருக்கு உதவும். அப்புறம் உள்ளிருந்து குரல் வந்தது:

"நூத்தி எண்பதும்மா. எழுதிக்கோ."